தாய்வீட்டுக்குப் போகிற வண்டி

செங்கரடுப்பாளையத்தில் கை மாறிய வண்டிகள் பொழுது சாய்ந்ததும் தாமாகக் கிளம்பித் தங்களுடைய பழைய சொந்தக்காரர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தது, பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்து, ஊரில் பாதிப்பேர் புதுசு வாங்குவதை மறந்துவிட்டுப் பழசாகவே வாங்கிக்கொண்டிருந்த ஒரு கார்த்திகை மாதத்தில்தான். முதலில் போனது ஒரு மொபெட். திருட்டுப் போய்விட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். காலையில் பார்த்தால், அதை விற்றவர் வீட்டு வாசலில், முருங்கை மரத்தடியில், கன்றுக்குட்டி மாதிரி சுவரை உரசிக்கொண்டு நின்றது. விற்றவரைக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, ஸ்டேஷன் வாசலில் நின்ற பழைய ஜீப் ஆளில்லாமல் நகர்ந்து, கேட்டைத் தாண்டி, இடதுபக்கம் திரும்பிப் போய்விட்டது. அதோடு விசாரணை முடிந்தது.

அதன் பிறகு சைக்கிள்கள் போயின, மாவு விற்கிற தள்ளுவண்டி போயிற்று, பழசாக வாங்கிய பள்ளிக்கூட வேன் பின்கதவு திறந்து ஆடிக்கொண்டே போயிற்று. சங்கிலி போட்டுக் கட்டிப் பார்த்தார்கள். கட்டிய வண்டி இழுத்து இழுத்து, விடியும்போது சக்கரம் கோணிக் கிடந்தது. காற்றை இறக்கினார்கள், ரிம்மாலேயே உருண்டு போயிற்று. மந்திரித்த எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார்கள், நசுக்கிக்கொண்டு போயிற்று. ஏன் இப்படி என்று கேட்டவர்களும் இருந்தார்கள்தான், ஆனால் அவர்களுக்கும் காலையில் வேலைக்குப் போக வேண்டியிருந்தது, அதற்கு முதலில் வண்டியைப் போய்க் கூட்டிவர வேண்டியிருந்தது, ஆகையால் கேள்வி பாதியிலேயே நின்றுபோயிற்று. தாய்வீட்டுக்குப் போகுது, போகட்டும் விடுங்க என்று தண்ணீர்க் குழாயடியில் யாரோ ஒருத்தி சொன்னாள். பேர் வைத்ததும் ஊர் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

பழக்கவழக்கங்களும் தாமாக உண்டாயின. போகிற வண்டியை மறிக்கக் கூடாது, மறித்தால் கவிழும். விடிந்ததும் போய்க் கூப்பிட்டால் பேசாமல் கூட வரும். கூட்டிவரப் போகிறவருக்கு ஒரு டம்ளர் டீயாவது கொடுக்க வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால், விற்கிறவர் வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். விற்றவர் ஊரைவிட்டுப் போயிருந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதால், வெளியூர் வண்டிக்கு விலை ஏறிவிட்டது. பைபாஸ் ரோட்டில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு போலீஸ்காரரை நிறுத்தினார்கள். அவர் கையைத் தூக்கி லாரிகளை நிறுத்த, ஆளில்லாத சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக ரோட்டைக் கடந்து போகும்.

ஒன்றை மட்டும் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. மாவு மில்காரர் ஒருவர் செத்துப்போன பிறகு அவருடைய புல்லட்டை வாங்கியவர் வீட்டிலிருந்து அது தினமும் கிளம்பி, வீடு வீடாக நின்று நின்று, எங்கேயும் நுழையாமல் தெருத்தெருவாகத் தேடி அலைந்தது. கடைசியில் ஒருநாள் ஊருக்கு மேற்கே இருக்கிற பாறைக்குழிக்குள் இறங்கிவிட்டது. கல் உடைத்து உடைத்து ஆழமாகிப் பச்சைத் தண்ணீர் நிற்கிற குழி அது. செத்தவர் வண்டியை அதற்கப்புறம் ஊரில் யாரும் தொடுவதில்லை.

இந்த ஊரில்தான் கோகிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

கோகிலாவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. இடது கையைத் தொடைமேல் ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். முப்பது வயதுக்கு மேல்தான் கல்யாணம் ஆயிற்று. புருசன் பூபதி பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற இடத்தில் வேலை செய்தான். அதிகம் பேசாதவன், நல்லவன், யாராவது அழுத்திச் சொன்னால் சரி என்று சொல்லிவிடுகிறவன். அவள் வீட்டிலேயே உட்கார்ந்து, தைத்து வந்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பாள். அவளுக்கு அம்மா இல்லை. வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் நர்ஸ் குழந்தையைக் கையில் கொடுத்து, மெதுவாக நடந்து வார்டுக்கு வாம்மா என்று சொன்னபோது, கோகிலா சுவரோரம் நின்றுகொண்டாள். ஒரு கை காலுக்கு வேண்டும். இன்னொரு கை, வழுக்கினால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குக் கை எங்கே? யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லாரும் பார்த்தார்கள்.

அப்போது வந்து குழந்தையை வாங்கிக்கொண்டவள் நாத்தனார் சாந்தாமணி. பூபதிக்கு அக்கா, கோகிலா அண்ணி என்று கூப்பிடுகிறவள், காங்கேயத்தில் எண்ணெய்க் கடை வைத்திருக்கிற குடும்பம், பிள்ளை கிடையாது. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாத குரலில், பாப்பா நடக்கிற வரைக்கும் நான் வைத்துக்கொள்கிறேன், பேர் வைக்கிற அன்றைக்கு வந்து கூட்டிப்போகிறேன், நீயும் நிம்மதியாக இருப்பாய் என்றாள். பூபதி தரையைப் பார்த்துக்கொண்டு சரி என்றான்.

பயம் கோகிலாவுக்குள் அன்றைக்கு வந்து உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் குழந்தையைக் கொண்டுபோக அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள்: போர்வையில் குழந்தையைப் படுக்க வைத்து, தானும் தரையில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து போர்வையை இழுப்பாள். யாராவது வந்தால் சட்டென்று நிறுத்திவிடுவாள். ஊசி போடப் போன அன்று பக்கத்து வீட்டு ராஜாமணி அக்காதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பிள்ளை தூக்கிப் பழகியவள், வேகமாக நடந்தாள். தெருமுனையில் திரும்பி அவர்கள் கண்ணுக்கு மறைந்தபோது, கோகிலா தொடையை அழுத்தி அழுத்தி வேகமாக நடக்கப் பார்த்தாள். தான் போய்ச் சேருவதற்குள் அங்கே பிள்ளை இருக்காது என்று நினைத்தாள். இருந்தது. அப்போதும் பயம் போகவில்லை.

அன்றைக்குச் சாயந்திரம் பூபதியிடம், ஒரு பாப்பா வண்டி வாங்கித் தாருங்கள், நானே தள்ளிக்கொண்டு போவேன், அண்ணி வரும்போது நான் தள்ளிக்கொண்டு நடப்பதை அவர்கள் பார்க்கட்டும் என்றாள்.

இருவரும் முதலில் கடைவீதிக்குப் போனார்கள். புது வண்டிகள் கண்ணாடிக்குப் பின்னால் குடை விரித்து நின்றன. விற்கிற பெண் ஒன்றை ஒரே கையால் மடக்கிக் காட்டினாள். கோகிலா பிடியில் கையை வைத்துக் கொஞ்சம் சாய்ந்ததும் முன்சக்கரங்கள் தூக்கிக்கொண்டன. காற்று மாதிரி லேசான வண்டி; பிள்ளையைச் சுமக்கும், அவளைச் சுமக்காது. அவளையும் தாங்குகிற மாதிரி கனமாக ஒன்று இருந்தது. அதன் விலையைப் பார்த்ததும் பூபதி, வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் உள்ளே போன நேரத்தில் கோகிலாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

பழசு என்றால் தூரம் பார்க்க வேண்டும். டாக்டர் வீட்டில் ஒன்று இருந்தது, நல்ல வண்டி, ஆனால் டாக்டர் வீடு பைபாஸுக்கு அந்தப்பக்கம். ஸ்கூல் வாத்தியார் ஒருவரிடம் இருந்ததற்குச் சக்கரம் பொத்தான் அளவு, இவர்கள் தெருக் கல்லில் நாலடி நகராது. வெளியூர் வண்டி ஒன்றைப் புரோக்கர் சொன்னார். அதன் விலை புதுசை எட்டிப் பிடித்தது. தெருவே யோசனை சொன்னது. பழைய வண்டிக்குப் புதுச் சக்கரம் போட்டால் போகாது என்றார் ஒருவர். வீட்டை நினைப்பது சக்கரமில்லை, பிடிதான் என்றார் இன்னொருவர். ராஜாமணி அக்கா, தன் மொபெட் தினமும் ஒரு சமையல்காரர் வீட்டுக்குப் போவதையும், காலையில் கூட்டிவரப் போகும்போது அங்கே இட்லி கிடைப்பதையும் சொல்லி, சாப்பாடு நன்றாயிருக்கிற வீடாகப் பார்த்து வாங்கு என்றாள்.

ஒரு சனிக்கிழமை பூபதி வண்டியோடு வந்தான். பழைய காலத்து இரும்பு வண்டி, சைக்கிள் சக்கரத்தில் பாதி அளவுக்குச் சக்கரம், தள்ளுகிற பிடியில் பிளாஸ்டிக் ஒயர் சுற்றியிருந்தது. கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் வண்டி, கம்பெனியில் தெரிந்தவர் மூலமாகச் சல்லிசாகக் கிடைத்தது, வெளியூர் என்பதால் எங்கேயும் போகாது என்றான். கோகிலா இரண்டு கையையும் பிடியில் வைத்து முழுப் பாரத்தையும் சாய்த்தாள். வண்டி அசையவில்லை. தள்ளினாள். தொடையை விட்டுக் கை வந்துவிட்டது, கால் தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்தது, அவள் நிமிர்ந்து நடந்தாள். தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்து, குனிந்த முகத்தோடு, நல்ல வண்டிங்க மாமா என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்தபோது வண்டிக்கு எதிரே உட்கார்ந்து அதன் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வண்டிகள் கிளம்பின, ராஜாமணி அக்காவின் மொபெட் வாசல் திட்டிலிருந்து இறங்கி டக்கென்ற சத்தத்தோடு போயிற்று. பாப்பா வண்டி நின்றது. அடுத்த நாளும் நின்றது. அப்படியே வாரங்கள் போயின. ஆனால் அவளுக்குத்தான் பயம் விடவில்லை. வண்டியிலிருந்த பெல்ட்டின் கொக்கி துருப்பிடித்திருந்ததால், பனியன் துணியைக் கிழித்துத் திரித்து, குழந்தையை வண்டியோடு சேர்த்து இடுப்பில் கட்டினாள். ஒரு முடிச்சு போட்டாள். போதாதென்று அதன்மேல் இன்னொன்று போட்டாள். ஒவ்வொரு நாளும் இறுக்கம் கூடிக்கொண்டே போயிற்று.

பேர் வைப்பதற்கு முந்தின நாள், வெட்டி முடித்த பனியன் கட்டை வண்டியின் கீழ்த்தட்டில் வைத்துக் கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். அங்கே கணக்குப் பார்க்கிறவர் தாமதம் செய்துவிட்டதால் நேரமாகிவிட்டது. மாரியம்மன் கோவில் முக்கில் தெருவிளக்குகள் எரிந்தன. அவளைத் தாண்டி இரண்டு சைக்கிள்கள் போயின. அப்போது, கைக்குள் இருந்த பிடி ஒரு தடவை உதறியது.

கல் தட்டியது என்று நினைத்தாள். வண்டி வீட்டுப்பக்கம் திரும்பாமல் நேராகப் போயிற்று. அவள் பின்னால் இழுத்தாள். முன்சக்கரங்கள் தூக்கின, குழந்தை சரிந்தது, உடனே விட்டுவிட்டாள். விட்டதும் வண்டி அவள் கையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போயிற்று. பாய்ந்து பிடித்தாள். மறித்தால் கவிழும் என்பது ஊருக்கே தெரிந்தது. விட்டால் போய்விடும். கூடப் போவதைத் தவிர வேறொன்றும் இல்லை. நடந்துகொண்டே குனிந்து முடிச்சை அவிழ்க்கலாம் என்று ஒரு கையை எடுத்தபோது கால் மடங்கியது. அவள் விழுந்தால் பிள்ளை தனியாகப் போகும். மறுபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தான் போட்ட முடிச்சைப் பார்த்துக்கொண்டே போனாள்.

எதிரே வந்த ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பொழுது சாய்ந்த நேரத்தில் வண்டியோடு போகிறவளைப் பார்த்தால், தாய்வீட்டுக்குப் போகிற வண்டிக்குத் துணையாகப் போகிறாள் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்குவது ஊர்ப்பழக்கம். அவளுக்குக் கூப்பிட வாய் வரவில்லை. கோயமுத்தூர் வண்டி ஏன் இங்கே போகிறது? போகிறதென்றால் கோயமுத்தூர் இல்லை. இத்தனை நாள் போகாதது இன்று ஏன் போகிறது? செத்தவர் வண்டிதான் இப்படித் தேடி அலையும். மேற்கே வானம் சிவந்திருந்தது, மேற்கேதான் பாறைக்குழி, ரோடு பிரிகிற இடம் எதிரே வந்தது. இடதுபக்கம் போனால் குழி. மாரியாத்தா, என் காலை இங்கேயே ஒடித்துப்போடு, வண்டியைத் திருப்பு என்று உள்ளுக்குள் சொன்னாள். குழந்தை விழித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி வலதுபக்கம் திரும்பியது.

மூச்சு வந்தது. அடுத்த மூச்சில், வலதுபக்கம் என்றால் பைபாஸ் என்பது நினைவுக்கு வந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது மற்ற வண்டிகளெல்லாம் கடந்து முடிந்து, போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். நிறுத்தி வைத்திருந்த லாரிகள் மொத்தமும் கிளம்பி வேகம் பிடித்துக்கொண்டிருந்தன, இந்த ஊர் வழக்கம் தெரியாத தூரதேசத்து லாரிகள். பாப்பா வண்டி ரோட்டோரத்தில் தயங்கக்கூட இல்லை, இறங்கியது. கோகிலா இடது கையைப் பிடியிலிருந்து எடுத்தாள். எடுத்து, தலைக்கு மேலே உயர்த்தி, உள்ளங்கையை லாரிப்பக்கம் காட்டினாள். ஒரு கை வண்டியில், ஒரு கை ஆகாயத்தில், காலுக்குக் கையே இல்லாமல் நடந்தாள். கால் நடந்தது. ஹாரன் சத்தத்தில் காது அடைத்துப்போயிற்று, வெளிச்சம் கண்ணை மூடிற்று, சூடான காற்று முகத்தில் அடித்தது, ஒரு லாரி அவளுக்கு மிக அருகே வந்து தேய்ந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையையும் இறக்கவில்லை. ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்த பிறகும் அது தூக்கினபடியே இருந்தது.

வண்டி, மூன்றாவது நடைமேடையில், துணிப்பையும் ஒரு பெட்டியுமாகச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முழங்காலுக்கு எதிரே போய்ப் பக்கவாட்டில் நின்றது. பஸ்ஸிலிருந்து இறங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும் போல, முகத்தில் பயணத் தூசி இருந்தது. நாற்பது வயது இருக்கலாம். அவள் வண்டியைப் பார்த்தாள். பிடியில் சுற்றியிருந்த ஒயரைப் பார்த்தாள். கை தானாக நீண்டு பிடியில் உட்கார்ந்தது. யோசிக்காமல் முன்னும் பின்னுமாக ஆட்டத் தொடங்கினாள்.

"தொடாதீங்க" என்றாள் கோகிலா.

அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டாள். கோகிலா வண்டியைத் திருப்பப் பார்த்தாள், சக்கரங்கள் வேர் விட்டதுபோல நின்றன. முடிச்சைப் பிடித்து இழுத்தாள், அது இன்னும் இறுகியது. பல்லால் கடித்தாள். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்மணி எழுந்து வந்து, நாரறுக்கிற கத்தியால் துணியை அறுத்துவிட்டாள். கோகிலா குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண் அறுந்து விழுந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு, "இது என்ற பையனுக்கு எங்கப்பா வாங்கிக் குடுத்த வண்டிங்க. ஒயரு நான் சுத்துனது" என்றாள். அவள் பேர் அம்சவேணி. இந்த ஊரில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருசன் வீட்டோடு ஒத்துவராமல் போனபோது, போவதென்றால் பையனை விட்டுவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார்கள். தூரத்து நூல்மில் விடுதியில் இத்தனை வருசம் இருந்துவிட்டாள். பையன் இப்போது பத்தாவது படிக்கிறானாம். இங்கே தையல் வேலை கிடைத்திருக்கிறது, ரூம் பிடித்துத் தங்கினால் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு எதிர்ச்சாரியில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறாள். இதையெல்லாம் கோகிலாவைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தே சொன்னாள். கோகிலாவுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. இவள் ஊரிலேயே இருக்கப்போகிறாள் என்பது மட்டும் விழுந்தது. அப்படியானால் வண்டி நாளைக்கும் போகும்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தாள். புது ஆட்டோதானுங்க, பயப்படாம உக்காருங்க என்று ஓட்டுகிறவர் இரண்டு தடவை சொன்னார். பூபதி தெருவில் நின்றுகொண்டிருந்தான். விசயத்தைக் கேட்டதும் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, கோயமுத்தூர் என்று சொன்னது பொய், காயலான் கடையில் வாங்கினது, யாருடையது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை, உன்னுடைய பயத்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்றான். கோகிலா அவனைத் திட்டவில்லை. குழந்தையின் இடுப்பில் துணி அழுத்தியிருந்த தடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

விடிந்ததும் பூபதி போய், அம்சவேணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிடித்திருந்த ரூம் வாசலிலிருந்து வண்டியைக் கூட்டிவந்தான். அதற்குள் ஊர் அந்த விசயத்தையும் தனக்குள் சேர்த்துக்கொண்டிருந்தது. காயலான் கடைக்கு அந்த வண்டியைப் போட்டது புருசன் வீட்டார்தான், அவர்கள் ஊரிலேயேதான் இருக்கிறார்கள், ஆனால் வண்டி ஒருநாளும் அவர்கள் வாசலுக்குப் போகவில்லையே என்று டீக்கடையில் பேசினார்கள். காசு வாங்கினவரிடம் போகாது, தள்ளினவரிடம்தான் போகும் என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதைக் கேட்ட சிலர், தங்கள் வண்டி எதிர்பாராத வீடுகளுக்குப் போனதன் காரணம் இப்போதுதான் விளங்கியது என்றார்கள். சிலர் வாயைத் திறக்கவில்லை.

சாந்தாமணி பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பஸ் ஸ்டாண்டிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்து, காதில் பேர் சொல்லி, வந்தவர்கள் சாப்பிட்டுப் போகிற வரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு, லாரிக்கு முன்னால் போன பிள்ளையை இனியும் இங்கே விட்டுவைக்க என் மனசு கேட்காது, துணிமணியை எடுத்து வை என்றாள். பூபதி தரையைப் பார்த்தான்.

"போனது வண்டிங்க அண்ணி. கூடப் போனது நானுங்க" என்றாள் கோகிலா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இன்னைக்கும் போகும். இன்னைக்கும் நான் கூடப் போவேன். பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

வண்டியில் பிள்ளையில்லாமல் போகவிட்டால் போதாதா என்று பூபதி கேட்டான். இன்றைக்குப் பிள்ளையை எடுத்து வைத்துக்கொள்வாள், நாளைக்கு வழியில் கிளம்பினால் என்ன செய்வாள், மாலை நேரத்தில் வெளியே போகாமலேயே இருந்துவிட முடியுமா என்று அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளையை வண்டியில் படுக்க வைத்தாள். கட்டவில்லை, இரண்டு பக்கமும் துணிச் சுருளை அணைப்பாக வைத்தாள். வாசலில் வந்து நின்று, பிடியில் இரண்டு கையையும் வைத்தாள். பின்னால் நடையில் சாந்தாமணி நின்றாள், அவளுக்குப் பின்னால் பூபதி, எதிர்வீட்டுத் திட்டுகளில் தெருவே நின்றது. இப்போதே உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன என்று கோகிலா நினைத்தாள். ஓட முடியாத கால் என்பதால்தான் நின்றாளோ என்னவோ.

விளக்குகள் எரிந்தன. முதலில் கோடி வீட்டு ஸ்கூட்டர் இறங்கியது. அதற்குப் பிறகு சைக்கிள்கள், பிறகு பால்காரருடைய மூன்று சக்கர வண்டி, பிறகு ராஜாமணி அக்காவின் மொபெட். ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போயின. பாப்பா வண்டி அசையவில்லை. கையை இறுக்கினாள். வரப்போகிறது, இதோ உதறப்போகிறது என்று காத்திருந்தாள். தெரு முழுக்கக் காலியாகிற வரைக்கும் அது நின்ற இடத்திலேயே நின்றது.

தெருமுனையில், போகிற வண்டிகளுக்கு எதிராக, அவற்றுக்கு ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டு, ஓர் ஆள் மட்டும் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. கிட்டே வந்த பிறகுதான் முகம் தெரிந்தது. அம்சவேணி. கம்பெனியிலிருந்து நேராக, வழி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், சேலையில் பனியன் பஞ்சு ஒட்டியிருந்தது. பைபாஸைக் கடந்து வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"அந்த ரோட்டத் தாண்டி பாப்பா வர வேண்டாமுங்க. தெனமும் இந்நேரத்துக்கு நானே இங்க வந்துர்றேன். கொஞ்சநேரம் நின்னுட்டுப் போறேன்" என்றாள். அப்புறம், கேட்டிலிருந்து ஓரடி பின்னால் போய், "உள்ள வரலீங்க" என்றும் சொன்னாள்.

தெரு முழுக்க அவளைப் பார்த்தது. வண்டி ஏன் அசையவில்லை என்பது கோகிலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. நேற்றைக்கு இருந்த பயம் அப்படியே இருந்தது. அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தாள். அவை முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. தன்னைவிட அதிகமாகப் பயந்த ஒருத்தியை அவள் முதல்தடவையாகப் பார்த்தாள்.

நடையில் நின்ற சாந்தாமணி உள்ளே போனாள். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கோகிலாவைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டு, முந்தானையால் தூசியைத் தட்டிவிட்டாள். "நின்னுட்டே இருந்தா கால் வலிக்கும். உக்காருங்க" என்றாள். அம்சவேணி உட்கார்ந்தாள். சாந்தாமணி அவளையும் பிள்ளையையும் கொஞ்சநேரம் பார்த்தாள். யாரைப் பார்த்தும் சொல்லாமல், கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறேன், காலையில் முதல் பஸ்ஸுக்கே போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, தன் துணிகளை மட்டும் பையில் எடுத்து வைக்க உள்ளே போனாள்.

குழந்தை சிணுங்கியது. கோகிலா வண்டியைக் கேட்டுவரைக்கும் தள்ளிக்கொண்டுபோய், நாற்காலிக்குப் பக்கத்தில், அந்தப் பெண்ணுக்கு முகம் தெரிகிற மாதிரி நிறுத்தினாள். ஒரு கையைப் பிடியிலிருந்து எடுக்காமலேயே, பேர் வைத்தாயிற்று, பேரைக் கேட்க மாட்டீர்களா என்றாள்.